மீம் போடும் முன்: சேலத்து நண்பர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2019 மே மாதக் கடைசியில் காண்ட்ராக்டர் நேசமணிக்காக இணைய உலகமே விளையாட்டாகப் பிரார்த்தனை செய்தது. வடிவேலு நடித்த கற்பனைப் பாத்திரம், தலையில் விழுந்த ஒரு சுத்தியல், அவ்வளவுதான். யார் மனதும் நோகாமல் நாட்கணக்கில் சிரித்தோம். இப்படிக் கலாய்க்கத் தெரிந்தவர்கள்தான் நாம். அதனால்தான் நம் ஊர் மீம்கள் சிலவற்றைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

பெரிய தவறு, வழியில் பார்த்தவர் முகத்தை டெம்ப்ளேட், அதாவது வரியை மாற்றி மாற்றிப் போடும் மீம் படம், ஆக்குவது. நடிகர் சம்மதத்தோடு, சம்பளம் வாங்கிக்கொண்டு கேமரா முன் நிற்கிறார். புதிய பஸ் ஸ்டாண்டில் அசந்து தூங்குகிறவரிடம் யார் கேட்டார்கள்? கோடை விழா சமயத்தில் ஏற்காடு ஏரிப் பக்கம் சோளம் விற்கும் அம்மாவைப் படம் எடுத்து, அவர் பல்லையும் நிறத்தையும் வைத்து ஒரு வரி எழுதுகிறார்கள். அவரிடம் இன்ஸ்டாகிராம் இல்லாமல் இருக்கலாம், காலேஜ் போகும் பேத்தியிடம் இருக்கும். முகத்தை மட்டும் மறைப்பதும் போதாது. கடையும் சேலையும் தெரிந்தால், ஏற்காடு மாதிரிச் சின்ன ஊரில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிகள் தமிழ் பேசும் பழங்குடி மக்கள், கேரளத்துக்காரர்கள் அல்ல. பெயரைப் பார்த்ததும் 'சேட்டா' ஜோக் போடுவது அறியாமை. அவர்களைக் 'காட்டுவாசி' என்று காட்டிச் சிரிப்பது அதைவிட மோசம். பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் பலர் பார்க்க வேண்டுமென்றே இழிவுபடுத்துவது 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். இணையத்தில் போட்டாலும் அது பொதுப் பார்வைதான் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022-ல் சொல்லியிருக்கிறது.

வசவுச் சொற்களிலும் கவனம் வேண்டும். 'சண்டாளா' என்று வீட்டில் சாதாரணமாகத் திட்டிக் கேட்டிருப்போம். அது பட்டியல் சாதிகளில் ஒன்றின் பெயர். அதை இழிவாகப் பயன்படுத்தக் கூடாது என்று மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் 2024 ஜூலையில் எச்சரித்தது. பழக்கத்தில் வந்துவிட்டது என்பது சமாதானம் ஆகாது. நடுவில் ஓர் எழுத்தை எடுத்துவிட்டு நட்சத்திரம் போடுவதாலும் பயனில்லை, படிப்பவர் மனதில் முழுச் சொல்தான் ஓடும்.

உடல் குறையை வைத்துச் சிரிப்பதைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2024-ல் தெளிவாகவே பேசியது. மாற்றுத்திறனாளியின் வாழ்க்கையைப் புரியவைக்கும் நகைச்சுவை வேறு, அவரைத் தாழ்த்தும் நகைச்சுவை வேறு. சேலத்துப் பக்கங்களில் நான் பார்ப்பது பெரும்பாலும் இரண்டாவது வகைதான்.

அப்புறம், "நான் செய்யலை, ஃபார்வர்ட்தான் பண்ணினேன்" என்பது. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய பதிவைப் பகிர்ந்தவர் வழக்கில், ஒரு செய்தியை ஃபார்வர்ட் செய்வது அதை ஏற்று ஆமோதிப்பதற்குச் சமம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-ல் கூறியது. 'வடக்கன்' மீம்களைக் குழு குழுவாகத் தள்ளிவிடுபவர்கள் 2023 மார்ச்சையும் நினைத்துப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்ற பொய் வீடியோக்கள் பரவியபோது எத்தனை பேர் பயந்துபோனார்கள்!

சரி, தவறாகப் போட்டுவிட்டால்? சத்தமில்லாமல் நீக்கிவிட்டு நகராதீர்கள், அதற்குள் யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்திருப்பார்கள். "யார் மனதாவது புண்பட்டிருந்தால்" என்று இழுக்காமல், யாரைப் பற்றி என்ன தவறாகச் சொன்னீர்கள் என்பதை நேராக எழுதுங்கள். பகிர்ந்தவர்களையும் நீக்கச் சொல்லுங்கள். மன்னிப்புப் பதிவில் அந்தப் படத்தை மறுபடியும் போடாதீர்கள்.