ரிவால்வர் குழலில் ஈயம் படியாத .22 தோட்டாவைத் தேர்ந்தெடுப்பது எப்படி

.22 ரிவால்வர், அதாவது ஏறக்குறைய 0.22 அங்குல விட்டமுள்ள குண்டைச் சுடும் கைத்துப்பாக்கி, வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் குறை ஒன்று உண்டு. முதல் இரண்டு பெட்டி வரை இலக்கில் நெருக்கமாக விழுந்த குண்டுகள் மூன்றாவது பெட்டியில் சிதறத் தொடங்குகின்றன. தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் சிலிண்டரைக் கழற்றிப் பார்த்தால், குழலின் பின்வாயில் சாம்பல் நிறத்தில் மினுங்கும் ஏதோ ஒன்று தகடுபோல ஒட்டியிருக்கிறது. அது காரீயம். நம் வீடுகளில் ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. இது அதுவல்ல, உடலுக்கு நஞ்சானது. எனவே இந்தப் படிவைக் குறைக்கும் தோட்டாவைத் தேடுவது குறி பிசகாமல் இருப்பதற்காக மட்டுமல்ல, துப்பாக்கியைத் துடைக்கிற கைக்காகவும்தான்.

தோட்டா வாங்குவதற்கு முன் அதன் அமைப்பைப் புரிந்துகொள்வது நல்லது. இன்று நாம் சுடும் .22 லாங் ரைஃபிள் தோட்டா 1887-இல் அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் நிறுவனம் கொண்டுவந்த வடிவத்திலேயே இன்னும் இருக்கிறது. பெரிய தோட்டாக்களில் குண்டின் அடிப்பகுதி மெலியாமல், வெடிமருந்தைத் தாங்கும் உலோகக் கூட்டின் வாய்க்குள் முழுச் சுற்றளவோடு இறங்கி உட்கார்ந்திருக்கும். இதிலோ குண்டின் சுற்றளவும் கூட்டின் சுற்றளவும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்க, குண்டின் வால்பகுதி மட்டும் மெலிந்து கூட்டுக்குள் செருகப்பட்டிருக்கிறது. அதனால் குண்டின் உடலும் அதன்மேல் பூசிய மெழுகும் வெளியே தெரியும்படி இருக்கின்றன. ஈயம் படிவதா இல்லையா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது வெளியே தெரிகிற அந்த மேற்பரப்புதான்.

ரைஃபிளில் குண்டு அறையிலிருந்து நேராக, குழலின் உட்சுவரில் சுருளாக வெட்டிய முறுக்கு வரிகளுக்குள் நுழைந்துவிடுகிறது. ரிவால்வரில் அப்படியல்ல. குண்டு சிலிண்டரின் அறையை விட்டுப் புறப்பட்டு, சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையிலுள்ள மெல்லிய இடைவெளியைத் தாண்டி, ஃபோர்ஸிங் கோன் எனப்படும் புனல்போன்ற வாய்க்குள் பாய்ந்து, அதன்பிறகே வரிகளைப் பற்றுகிறது. அந்தப் பாய்ச்சலில் குண்டு ஓரமாக உரசினால் ஈயம் சீவப்படும். குழலின் அளவுக்குக் குண்டு சற்றுச் சிறியதாக இருந்தாலோ சூடான வாயு அதன் பக்கவாட்டில் புகுந்து ஈயத்தை உருக்கிச் சுவரில் அப்பிவிடும். எந்தத் தோட்டாவை எடுத்தாலும் இந்த இரண்டையும் அது எவ்வளவு தாங்கும் என்பதையே பார்க்க வேண்டும்.

முதலில் விரலால் பாருங்கள். பெட்டியிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்து, குண்டுப் பகுதியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒருமுறை உருட்டிவிட்டு, அந்த விரலை வெள்ளைத்தாளில் தேய்த்துப் பாருங்கள். மெழுகுவத்தியைத் தொட்டதுபோலப் பிசுபிசுப்பு ஒட்டி, தாளில் எண்ணெய்த் தடம் விழுந்தால் அந்தக் குண்டில் மசகு இருக்கிறது. பிசுபிசுப்பே இல்லாமல், பென்சிலால் தீட்டியதுபோலச் சாம்பல் கோடு மட்டும் விழுந்தால் அது வெறும் ஈயம். மசகில்லாத, பூச்சில்லாத அத்தகைய குண்டை ரிவால்வருக்கு வாங்குவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். ரைஃபிளில் குறையின்றி ஓடும் மலிவுத் தோட்டா ரிவால்வரில் நூறு சுற்றுக்குள் குழலை அடைத்துவிடுவதை என் கைத்துப்பாக்கியிலேயே கண்டிருக்கிறேன். பெட்டியின் விலையில் மிச்சம் பிடித்ததற்கு ஒரு மாலை முழுவதும் பிரஷ் போட நேர்ந்தது.

மெழுகு பூசிய ஈயக் குண்டை அதற்காக ஒதுக்கிவிடக் கூடாது. நொடிக்கு ஏறக்குறைய 1070 அடி வேகத்தில், அதாவது ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் கீழே செல்லும் 40 கிரெய்ன் (சுமார் 2.6 கிராம்) எடையுள்ள ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி தோட்டாக்கள் ரிவால்வரில் பெரும்பாலும் நன்றாகவே நடந்துகொள்கின்றன. மென்மையான ஈயம் அழுத்தத்தில் சற்று விரிந்து குழலை அடைத்துக்கொள்வதால் வாயு பக்கவாட்டில் கசிவதில்லை; மெழுகு வழியெங்கும் தடவப்படுவதால் உரசலும் குறைகிறது. இலக்குப் பயிற்சிக்கென்று தயாராகும் தோட்டாக்கள் பல இந்த வகையைச் சேர்ந்தவை. ஒரு சிறு கவனம் மட்டும் தேவை: இவற்றைச் சட்டைப்பையில் உதிரியாகப் போட்டுக்கொண்டால் நூலும் மணலும் மெழுகில் ஒட்டிக்கொள்ளும், அந்த மணல் அப்படியே குழலுக்குள் போகும்.

செம்பு முலாம் பூசிய குண்டுகள் அடுத்த வகை. முலாமுக்கும் உறைக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும், ஏனெனில் செம்பு நிறத்தைப் பார்த்ததும் ஈயப் படிவே வராது என்று நம்பிவிடுபவர்கள் நிறையப் பேர். .22 லாங் ரைஃபிளில் பெரும்பாலும் நாம் காண்பது ஈயக் குண்டின்மேல் மெல்லியதாகப் படியவைத்த செம்புப் பூச்சு. தனியாகச் செய்து போர்த்திய தடித்த உறை அல்ல. அந்தப் பூச்சு எல்லாத் தயாரிப்புகளிலும் ஒரே தரத்தில் இருப்பதில்லை. சிலவற்றில் நகத்தால் சுரண்டினாலே சாம்பல் நிறம் தெரிந்துவிடும். அது அழகுக்குப் பூசிய நிறம் என்றே கொள்ளலாம். நல்ல பூச்சுள்ளவற்றுக்கு உதாரணமாக, 40 கிரெய்ன் எடையில் நொடிக்கு 1235 அடி என்று பெட்டியில் குறிக்கப்பட்டுள்ள, அமெரிக்கத் தோட்டா நிறுவனமான சிசிஐ-யின் மினி-மேக் தோட்டாவைச் சொல்வேன். ரிவால்வரை அடிக்கடி சுடுகிறவருக்கு முதல் சோதனைத் தோட்டாவாக இதையே எடுத்துக்கொடுப்பேன்.

அண்மைக் காலத்தில் பாலிமர் பூசிய குண்டுகளும் வந்திருக்கின்றன. அதே நிறுவனத்தின் கிளீன்-22 வரிசையில், ஈயக் குண்டின்மேல் செம்புக்குப் பதிலாகப் பாலிமர் போர்த்தப்பட்டிருக்கிறது. ஈயம் நேரடியாகக் குழல் சுவரைத் தொடாமல் இந்தப் போர்வை தடுக்கிறது. மெழுகு இல்லாததால் கையும் அழுக்காவதில்லை. குழல் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும் பழைய ரிவால்வர்களுக்கு இதைத் தயங்காமல் முயன்று பார்க்கலாம்.

ஈயமே இல்லாத குண்டுகளும் கடையில் கிடைக்கின்றன. கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயத் தோட்டா முற்றிலும் தடை செய்யப்பட்டதால் அங்கே இவற்றுக்குத் தேவை அதிகம். இவை எடை மிகக் குறைந்தவை என்பதால் உங்கள் துப்பாக்கியின் குறிமுனைக்கு ஒத்துவருமா என்று முன்னதாகவே பார்த்துக்கொள்ளுங்கள். குண்டில் ஈயம் இல்லாவிட்டாலும் விளிம்பிலுள்ள பற்றுமருந்தில் ஈயச் சேர்மம் இருப்பது வழக்கம். ஆகவே கை கழுவும் வேலை குறையாது.

உங்களிடம் இருப்பது ரூகர் சிங்கிள்-சிக்ஸ் போன்ற, இரண்டு சிலிண்டர்களோடு வரும் ரிவால்வர் என்றால் இன்னொரு வழியும் உண்டு. 1959-இல் வின்செஸ்டர் அறிமுகப்படுத்திய .22 மேக்னம் தோட்டாவில் பெரும்பாலும் உண்மையான செம்பு உறையிட்ட குண்டுகளே வருகின்றன. குண்டின் வால்பகுதியும் மெலியாமல் முழுச் சுற்றளவோடு கூட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். ஈயப் படிவுத் தொல்லை இதில் மிகவும் குறைவு. விலை கூடுதல், சத்தமும் கூடுதல். மேக்னம் சிலிண்டரில் லாங் ரைஃபிள் தோட்டாவை எக்காரணம் கொண்டும் போடாதீர்கள். அறை அகலமாக இருப்பதால் கூடு வெடித்துப் பிளக்கும். மேலும் இத்தகைய துப்பாக்கிகளின் குழல் மேக்னம் குண்டுக்கு ஏற்றபடி மிகச்சிறு அளவு அகலமாகக் கடையப்படுவதால், லாங் ரைஃபிள் சுடும்போது வெறும் கெட்டி ஈயத்தைவிட மென்மையான, மெழுகுள்ள குண்டே குழலை நன்றாக அடைக்கிறது.

வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நொடிக்கு 1600 அடிக்கு மேல் என்று பெட்டியில் போட்டிருக்கும் அதிவேகத் தோட்டாக்களின் எண்கள் நீண்ட ரைஃபிள் குழலில் அளந்தவை. குட்டைக் குழலும் சிலிண்டர் இடைவெளியும் உள்ள ரிவால்வரில் அந்த வேகத்தின் பெரும்பகுதி வீணாகிறது. அதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. .22 ஷார்ட் தோட்டாவைச் சுடுபவர்களுக்கு வேறோர் எச்சரிக்கை: கூடு குட்டையாக இருப்பதால் அதன் முனைக்கு முன்னால், அறையின் சுவரில், புகையும் ஈயமும் சேர்ந்து ஒரு வளையமாக இறுகும். பிறகு லாங் ரைஃபிள் போட்டால் தோட்டா பாதியில் நின்றுவிடும். கட்டாயப்படுத்தித் தள்ளாமல் அறையை முதலில் பிரஷ் போட்டுச் சுத்தம் செய்யுங்கள்.

எந்தத் தோட்டா உங்கள் ரிவால்வருக்குப் பொருந்தும் என்பதை யாரும் வெளியிலிருந்து சொல்லிவிட முடியாது. மூன்று அல்லது நான்கு வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். குழலையும் சிலிண்டரின் எல்லா அறைகளையும் பளிச்சென்று சுத்தம் செய்துவிட்டு, ஒரே வகையில் ஐம்பது சுடுங்கள். சிலிண்டரைக் காலி செய்து, காலியாகிவிட்டதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிப்படுத்திய பிறகு அதைக் கழற்றி, சிறு டார்ச்சின் ஒளியைச் சாய்வாக ஃபோர்ஸிங் கோனில் விழச் செய்யுங்கள். கரியாக இருந்தால் அது வெடிமருந்துப் புகை. சுத்திகரிப்புத் திரவம் தொட்டாலே கரைந்துவிடும். ஒளியில் மினுங்கி, திரவத்துக்கு அசையாமல் நின்றால் ஈயம். பிறகு உலர்ந்த வெண்கல பிரஷைப் பின்புறத்திலிருந்து இரண்டு முறை செலுத்தி, வெள்ளைத் துணித்துண்டால் துடைத்து விரித்துப் பாருங்கள். சரிகை நூலைப் பொடியாக நறுக்கித் தூவியதுபோல வெள்ளித் துகள்கள் தெரிந்தால், அவற்றின் அளவே அந்தத் தோட்டாவுக்கான மதிப்பெண். மீண்டும் சுத்தம் செய்துவிட்டு அடுத்த வகைக்குப் போங்கள். முதல் பத்துச் சுற்றில் குண்டு எங்கே விழுகிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். குழல் புதிய மசகுக்குப் பழக வேண்டும்.

நான்கு வகையிலும் ஈயம் ஒரே அளவில் படிந்தால் குறை தோட்டாவில் இல்லை. சுடும்போது பக்கத்தில் நிற்பவர் முகத்தில் துகள் தெறித்தாலோ, கோனின் ஒரே பக்கத்தில் மட்டும் ஈயம் குவிந்தாலோ, அறைகள் குழலோடு நேர்க்கோட்டில் நிற்கவில்லை என்று பொருள். தேர்ந்த துப்பாக்கி மெக்கானிக்கிடம்தான் கொண்டுபோக வேண்டும்.

ஏற்கெனவே படிந்த ஈயத்தை அகற்ற, பழைய பிரஷின்மேல் முழுச் செம்பாலான பாத்திரம் தேய்க்கும் நாரின் சில இழைகளைச் சுற்றிச் செலுத்தினால் போதும். செம்பு முலாம் பூசிய இரும்பு நார் கூடாது, காந்தம் வைத்துப் பார்த்து வாங்குங்கள். செம்பு உறைக் குண்டுகளைச் சுட்டு ஈயத்தை 'வழித்துவிடலாம்' என்ற யோசனையைக் கேட்காதீர்கள். அது ஈயத்தை இன்னும் அழுத்தித் தேய்ப்பதோடு குழலின் அழுத்தத்தையும் உயர்த்தும். வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்த கரைசலும் வேண்டாம், அதில் உருவாகும் ஈய அசிடேட் எளிதில் உடலுக்குள் சேரும் நஞ்சு. கையுறை அணிந்து வேலை செய்து, முடிந்ததும் குளிர்ந்த நீரிலும் சோப்பிலும் கை கழுவிய பிறகே சாப்பாட்டைத் தொடுங்கள்.

பொருத்தமான தோட்டா கிடைத்துவிட்டால், பெட்டியில் அச்சிட்டிருக்கும் தயாரிப்புத் தொகுதி எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே எண்ணில் இன்னும் சில பெட்டிகளை உடனே வாங்கி வையுங்கள். வெயிலில் நிற்கும் காரில் விட்டுவைத்தால் மெழுகு இளகி வழிந்துவிடும் என்பதால், நிழலான அலமாரியில் பூட்டி வைப்பதே நல்லது.