அமெரிக்காவின் தொடக்ககாலத் தலைவர்களைப் பற்றி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் குடியரசின் முதல் சில பத்தாண்டுகளைப் பற்றி எழுதத் தொடங்குவோரின் கட்டுரைகளைத் திருத்துவது என் பணிகளுள் ஒன்று. பெயரும் ஆண்டும் பிழையாவதை எவரும் சரிசெய்துவிடலாம். உறவையும் பகையையும் சேர்த்துப் பேசும் இடத்தில்தான், நாங்கள் தொடக்கத்தில் செய்த தவறுகளே மீண்டும் மீண்டும் வருகின்றன.

மார்பரி வழக்கைப் பங்காளிச் சண்டையாக எழுதுவது

1801-இல் குடியரசுத் தலைவரான தாமஸ் ஜெபர்சனும் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஜான் மார்ஷலும் வர்ஜீனியாவின் ராண்டால்ஃப் குடும்பவழி உறவினர்கள். ஜெபர்சனின் தாயும் மார்ஷலின் பாட்டியும் அண்ணன் தம்பி பெற்ற பெண்கள். இருவருக்கும் ஆகாது என்பதும் உண்மையே. இவ்விரு செய்திகளும் கையில் கிடைத்தவுடன், தம் நியமன ஆணையைக் கேட்டு வில்லியம் மார்பரி தொடுத்த வழக்கில் மார்ஷல் அளித்த 1803 தீர்ப்பை, உறவினரைப் பழிவாங்கிய கதையாக எழுதிவிடுகிறார்கள். அண்மையில் என்னிடம் வந்த ஒரு கட்டுரை மார்ஷலின் வெறுப்பைப் பக்கம் பக்கமாக விவரித்தது. ஆனால் மார்பரியின் நியமன ஆணை ஏன் அவர் கைக்குப் போய்ச் சேரவில்லை என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. என்னை இன்றும் எரிச்சலூட்டுவது இந்த விடுபடல்தான்.

1801 மார்ச்சில், ஜெபர்சனுக்கு முந்தைய குடியரசுத் தலைவர் ஜான் ஆடம்ஸ் தம் பதவிக்காலத்தின் இறுதியில் நியமித்த சமாதான நீதிபதிகளுள் (சிறு வழக்குகளை விசாரிக்கும் உள்ளூர் நீதிபதிகள்) வில்லியம் மார்பரி ஒருவர். அந்த ஆணைகளை முத்திரையிட்டு அனுப்ப வேண்டிய வெளியுறவுச் செயலர் வேறு யாருமல்லர், தலைமை நீதிபதியான பிறகும் அந்தப் பொறுப்பைக் கவனித்துவந்த ஜான் மார்ஷலேதான். எல்லா ஆணைகளையும் எடுத்துச்செல்ல இயலாமல் சிலவற்றைத் திருப்பிக் கொடுத்ததாக அவருடைய தம்பி ஜேம்ஸ் மார்ஷல் பின்னர் உறுதிமொழிப் பத்திரம் அளித்தார். ஆகவே இவ்வழக்கில் ஆராய வேண்டிய உறவு, அண்ணன் தம்பி உறவு. தம் அலுவலகத்தில் தேங்கிய ஆணைகளைப் பற்றிய வழக்கை மார்ஷலே விசாரித்தார் என்பதுதான் எழுத வேண்டிய செய்தி.

தீர்ப்பும் பழிவாங்கும் கதைக்கு ஒத்துவரவில்லை. மார்பரிக்கு உரிமை உண்டு என்று சொல்லிவிட்டு, அவர் கேட்ட கட்டளையைப் பிறப்பிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் தந்த 1789 சட்டப்பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று மார்ஷல் தீர்ப்பளித்தார். ஜெபர்சன் அரசு எதையும் செய்ய வேண்டியிருக்கவில்லை. சில நாட்களிலேயே, ஆடம்ஸ் காலத்து நீதித்துறைச் சட்டத்தை ஜெபர்சன் கட்சியினர் ரத்து செய்ததை உச்ச நீதிமன்றம் ஸ்டூவர்ட் வழக்கில் ஏற்றுக்கொண்டது. அங்கே உறுதிசெய்யப்பட்டது, கீழ் நீதிமன்றத்தில் அமர்ந்து மார்ஷல் அளித்த முடிவே.

உறவினர் என்றால் ஒரே அணி என்று கொள்வது

1805-இல் உச்ச நீதிமன்ற நீதிபதி சாமுவேல் சேஸ் மீதான பதவிநீக்க வழக்கை முன்னின்று நடத்திய ஜான் ராண்டால்ஃபும் அதே ராண்டால்ஃப் குடும்பத்தவர். அப்போது பிரதிநிதிகள் அவையில் ஜெபர்சன் கட்சியை வழிநடத்திய அவர், அடுத்த ஆண்டிலேயே ஜெபர்சனுக்கு எதிராகத் திரும்பினார்.

புஷ்ராட் வாஷிங்டன்

பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்: 1798-இல் புஷ்ராட் வாஷிங்டனை உச்ச நீதிமன்ற நீதிபதியாக நியமித்தவர் ஆடம்ஸ்; பெரியப்பா ஜார்ஜ் வாஷிங்டன் அல்லர்.

சொத்தைக் கவனியாமல் விடுவது

வர்ஜீனியாவில் ஃபேர்ஃபேக்ஸ் குடும்பத்தின் நிலங்கள் யாருக்குச் சொந்தம் என்ற ஃபேர்ஃபேக்ஸ் நிலவழக்கில் மார்ஷல், வர்ஜீனிய நீதிபதி ஸ்பென்சர் ரோன் ஆகியோரின் அரசியல் பகையை மட்டும் எழுதுவோர் பலர். மார்ஷலுக்கும் தம்பி ஜேம்ஸுக்கும் அந்த நிலங்களில் பங்கு இருந்தது. அதனாலேயே இவ்வழக்கிலிருந்து மார்ஷல் விலகிக்கொண்டார். ரோனின் நீதிமன்றத்துக்கு எதிரான 1816 தீர்ப்பை எழுதியவர் உச்ச நீதிமன்றத்தின் மற்றொரு நீதிபதி ஜோசப் ஸ்டோரி.