காப்பி ஊரில் மகளிர் குழுக் கடன்: தவணையைப் பறிப்புக் காலத்தோடு பொருத்துவது எப்படி?

கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கம் எங்கள் ஊர். ஆளுக்கு ஒன்று, இரண்டு ஏக்கர் இருக்கும். அதில் அரபிகா காப்பி, முள்முருங்கையில் ஏற்றிவிட்ட மிளகுக் கொடி, நடுநடுவே மலைவாழை. எங்கள் மகளிர் குழுவில் 15 பேர். கணக்கு எழுதுவது நான். முதல் வருடம் நாங்கள் தவணை போட்ட விதத்தால் ஓர் அக்காவின் விளைச்சல் வியாபாரி கைக்குப் போய்விட்டது. இன்னொரு குழுவுக்கு அப்படி நேரக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

ஆள் சேர்ப்பது, பெயர் வைப்பது, ஊக்குநர், பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுப்பது பற்றியெல்லாம் இங்கே சொல்லவில்லை. மகளிர் திட்டத்துக்காரர்களே வந்து சொல்லித் தருவார்கள்.

படி 1: கணக்குத் தொடங்குவது

தீர்மானம் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டு, வங்கிக்கு எடுத்துப் போங்கள். சேமிப்புக் கணக்குத் தொடங்கக் குழுப் பொறுப்பாளர்களின் அடையாள ஆவணங்கள் போதும் என்பது ரிசர்வ் வங்கி விதி. எங்களிடம் 15 பேருடைய ஆவணமும் கேட்டார்கள். அதற்காக மூன்று நாள் வேலையை விட்டுவிட்டு மலையிறங்கினோம். விதியைத் தெரிந்துகொண்டு போனால் அந்த அலைச்சல் மிச்சம்.

படி 2: சேமிப்பும் நோட்டும்

எங்களுக்கு ஆளுக்கு மாதம் 200 ரூபாய். 15 பேருக்கு 3,000. ஆறு மாதத்தில் 18,000 சேர்ந்தது. அந்த ஆறு மாதமும் பணத்தை வங்கியிலேயே தூங்கவிடாதீர்கள். 1992-இல் நபார்டு (வேளாண்மை, ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கி) 500 குழுக்களை வங்கியோடு இணைக்கும் சோதனைத் திட்டத்தைத் தொடங்கியபோதே அடிப்படை இதுதான்: முதலில் சொந்தச் சேமிப்பைத் தங்களுக்குள் கடன் கொடுத்து வாங்கிப் பழக வேண்டும், வங்கிக் கடன் அதற்கு அப்புறம். வங்கி தரம் பார்க்கும்போது கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பிக் கட்டுவது, கணக்கு ஆகிய ஐந்தையும்தான் பார்க்கிறார்கள்.

நோட்டு விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. தைத்த, கெட்டி அட்டை போட்ட நீள நோட்டுதான் வேண்டும். சுருள் கம்பி நோட்டில் தாளை உருவிவிடலாம். பென்சில் கூடவே கூடாது. தப்பாக எழுதினால் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதுங்கள். வெள்ளை மை பூசினால் சந்தேகம் வரும். செல்போன் செயலிகள் சிலவற்றையும் பார்த்தேன். மழைக்காலத்தில் எங்கள் ஊரில் சிக்னல் நிற்காது, அதனால் விட்டுவிட்டேன். கூட்டம் முடிந்ததும் அன்றைய பக்கத்தைப் படமெடுத்துக் குழு வாட்ஸ்அப்பில் போட்டுவிடுகிறேன். எழுதப் படிக்கத் தெரியாத சித்திக்கு அவர் பேத்தி அதை வாசித்துக் காட்டுகிறாள்.

படி 3: உள்கடன் தவணை (இதைத்தான் நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டும்)

முதல் வருடம் ஜூலையில் 10,000 ரூபாய் கடன் கொடுத்தோம். மாதம் 1,000 வீதம் பத்துத் தவணை, ஆகஸ்டிலிருந்து கட்ட வேண்டும். பயிற்சியில் காட்டிய மாதிரிப் படிவம் அப்படித்தான் இருந்தது, நாங்களும் அப்படியே போட்டோம். மாதாமாதம் பால் ஊற்றிப் பணம் வாங்கும் ஊருக்கு அது பொருந்தும். காப்பி ஊருக்குப் பொருந்தாது. எங்கள் பழம் நவம்பரில் பழுக்க ஆரம்பித்து பிப்ரவரி வரை பறிப்பு நடக்கும். ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை பச்சைக் காய்தான் மரத்தில் இருக்கும், கையில் காசு இருக்காது.

தொடக்கத்தில் சொன்ன அக்கா மட்டும் ஒரு தவணைகூடத் தவறவில்லை. நூறு ரூபாய்த் தாள்களை ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டுவந்து வைப்பார். கூட்டத்தில் அவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று மற்றவர்களிடம் சொன்னதே நான்தான். நவம்பர் கடைசியில் அவர் தோட்டத்து வரப்பில் ஒரு ஜீப் நின்றது. அவரே கூடை கட்டிப் பறித்து, அவரே சாக்கில் கொட்டித் தூக்கி ஏற்றிக்கொண்டிருந்தார். அருகில் வியாபாரி எடைக் கொக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்கள் தவணையைக் கட்டுவதற்காக அக்கா செப்டம்பரிலேயே அந்த வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருக்கிறார். மரத்தில் இருந்த காய்க்கு அன்றே விலை பேசி முடித்தாயிற்று. பல்பர் இயந்திரத்தில் பழத்தோலை நீக்கி, களத்தில் காயவைத்து, பார்ச்மென்டாக (உள்தோடு நீக்காத காப்பிக் கொட்டையாக) விற்றால் வரும் லாபம் எதுவும் அவருக்கு இல்லை. குழு நோட்டில் அவர் பெயருக்கு நேரே நிலுவை இல்லை என்று என் கையெழுத்திலேயே இருந்தது.

அடுத்த கூட்டத்தில் தீர்மானத்தை மாற்றினோம். நவம்பர் வரை வட்டி மட்டும். டிசம்பரிலிருந்து நான்கு தவணையாக அசல். உங்கள் ஊரில் எந்த மாதம் காசு வருகிறது என்று 12 மாதத்தையும் ஒரு தாளில் எழுதி, மிளகு, வாழை வரவையும் சேர்த்துப் பாருங்கள். தவணைத் தேதியை அப்புறம் எழுதுங்கள்.

படி 4: வட்டி போடுவது

எங்கள் வட்டி மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய், மீதமுள்ள அசலுக்கு மட்டும். ஜூலையில் வாங்கிய 10,000-க்கு ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை மாதம் 100. டிசம்பரில் 2,500-உம் வட்டி 100-உம். ஜனவரியில் வட்டி 75, பிப்ரவரியில் 50, மார்ச்சில் 25. மொத்த வட்டி 650 ரூபாய். இதையே முழுத் தொகைக்கும் எட்டு மாதம் என்று போட்டிருந்தால் 800 ஆகியிருக்கும். கடன் பேரேட்டில் ‘மீதி அசல்’ என்று தனிப் பத்தி கட்டாயம் வையுங்கள். அந்தப் பத்தி இல்லாத நோட்டில் வட்டி தானாக முழு அசலுக்கே போய்விடும்.

படி 5: வங்கிக் கடன்

மாதத் தவணைக் கடன் வேண்டாம், ரொக்கக் கடன் வரம்பு கொடுங்கள் என்று கேளுங்கள். ‘சிசி’ (கேஷ் கிரெடிட்) என்றால் வங்கியில் புரியும். தேவைப்படும்போது எடுத்து, காப்பி விற்றதும் கட்டலாம். எடுத்த பணத்துக்கு மட்டும்தான் வட்டி. 10 லட்சம் வரை குழுக் கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது, குழுவின் சேமிப்பை எடுக்க விடாமல் முடக்கியும் வைக்கக் கூடாது. பட்டா கணவர் பேரிலோ மாமனார் பேரிலோ இருக்கும் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இது பெரிய விஷயம்.

பின்சேர்க்கை 1: ஏற்காட்டிலிருந்து ஒரு வாசகி, “டிசம்பரில் பறிப்புக் கூலிக்கே காசு பத்தாதே, அசல் எப்படிக் கட்டுவது?” என்று கேட்டிருந்தார். அவர் சொன்னது சரி. பறிப்புத் தொடங்கி, பார்ச்மென்ட் காய்ந்து விற்கிறவரை கூலி கையிலிருந்துதான் போகிறது. இந்த வருடம் அசலை ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை மாற்றிவிட்டோம். 10,000-க்கு வட்டி 650-லிருந்து 750 ஆகிறது. அந்த நூறு ரூபாயை எல்லாரும் சம்மதித்தே ஏற்றார்கள்.

பின்சேர்க்கை 2: நுண்கடன் நிறுவனத்தில் ஏற்கெனவே கடன் வைத்திருப்பவருக்குக் குழுவில் கொடுக்கலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். கொடுக்கலாம். ஆனால் அந்த வாரத் தவணையையும் 12 மாதத் தாளில் எழுதிவிட்டு முடிவெடுங்கள். 2022 ஏப்ரலிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி, ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. நாங்களும் அதையே அளவாக வைத்திருக்கிறோம். எங்கள் மதினி ஒருவருக்குத் தாளில் கணக்குப் போட்டபோது பாதியைத் தாண்டியது. கேட்ட 15,000-க்குப் பதில் 6,000 கொடுத்தோம், அதுவும் ஏப்ரல் வரை வட்டி மட்டும் கட்டினால் போதும் என்று தீர்மானத்தில் எழுதி.