சாப்பர் மாடல் கிட்டை மாற்றிக் கட்டும் முறை

சாப்பர் மோட்டார் சைக்கிளின் மாடல் கிட்டை, அதாவது பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிக் கட்டும் சிறுவடிவத்தை, வாங்கிப் பெட்டியைத் திறந்தவுடன் எந்த நிறம் அடிக்கலாம் என்ற எண்ணமே பலருக்கும் முதலில் எழுகிறது. சாப்பரைப் பொறுத்தவரை நிறம் கடைசியில் வரவேண்டிய முடிவு. முதலில் தீர்மானிக்க வேண்டியது வண்டி நிற்கும் நிலை. இரண்டாம் உலகப் போரையொட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில், கனமான மோட்டார் சைக்கிள்களின் மட்கார்டுகளைக் குறைத்தும் வேண்டாத பாகங்களைக் கழற்றியும் ஓட்டிய பழக்கத்திலிருந்து பாபர் என்ற வகை உருவாயிற்று. அதிலிருந்து ஒரு படி மேலே போய், ஃபிரேமையே அறுத்து, முன்சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் கால்களான ஃபோர்க் வந்து சேரும் முன்கழுத்தைச் சாய்த்து, அந்த ஃபோர்க்கை நீட்டியபோதுதான் சாப்பர் பிறந்தது. வெட்டுவது என்ற பொருள் அதன் பெயரிலேயே இருக்கிறது. ஆகவே கிட்டில் வந்த ஃபிரேமை அப்படியே ஒட்டிவிட்டு மேலே அலங்காரங்களை ஏற்றுவதைவிட, ஒரே ஒரு இடத்தில் துணிந்து ரம்பம் வைப்பது மாடலை உண்மையான சாப்பருக்கு மிக அருகில் கொண்டுவரும். கீழே சொல்லப்படுபவை அனைத்தும் அந்த ஒரு வெட்டைச் சுற்றியே அமைகின்றன.

இவ்வகைக் கிட்டுகள் பெரும்பாலும் 1/12, 1/8 ஆகிய அளவுகளில் (அசல் வண்டியில் பன்னிரண்டில் ஒரு பங்கு, எட்டில் ஒரு பங்கு) கிடைக்கின்றன. முதன்முறையாக ஃபிரேமை அறுக்கப் போகிறவர் 1/8 அளவை எடுத்துக்கொள்வது நல்லது. குழாய்கள் தடிமனாக இருப்பதால் உள்ளே பித்தளைக் கம்பியைச் செருக இடம் கிடைக்கும். எஞ்சினையும் ஃபிரேமையும் வெவ்வேறு கிட்டுகளிலிருந்து எடுத்து இணைப்பதாக இருந்தால், காலத்தையும் பக்கத்தையும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். ஹார்லி-டேவிட்சனின் பெரிய வி-ட்வின் (V வடிவில் இரண்டு சிலிண்டர்கள் உள்ள) எஞ்சின்களில் நக்கில்ஹெட் 1936-லும், பான்ஹெட் 1948-லும், ஷவல்ஹெட் 1966-லும் வந்தன. பெரிய வண்டிகளின் பின்சக்கரத்துக்கு சஸ்பென்ஷன் 1958-இல்தான் வந்தது என்பதால், அதற்கு முந்தைய ஃபிரேம்கள் எல்லாமே பின்புறம் விறைப்பானவை. நக்கில்ஹெட் எஞ்சினை ஷாக் அப்சார்பர் உள்ள ஃபிரேமில் வைத்தால், அதைத் தெரிந்தவர் கண்ணுக்கு உடனே உறுத்தும். பிந்தைய எஞ்சினை விறைப்பான ஃபிரேமில் வைப்பதோ சாப்பர் கட்டுபவர்கள் காலங்காலமாகச் செய்துவருவது. பெரிய வி-ட்வின்களில் பின்சக்கரத்துக்குப் போகும் செயின் இடப்பக்கத்திலும், ஹார்லியின் சிறிய வகையான ஸ்போர்ட்ஸ்டரில் வலப்பக்கத்திலும் இருப்பதைக் கவனிக்காமல் பாகங்களைக் கலந்துவிட்டால், பின்சக்கர ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பற்சக்கரம்) எதிர்ப்பக்கத்தில் போய் நிற்கும்.

சாய்வும் நீளமும்

ஃபோர்க்கின் சாய்வை நேர்க்குத்துக் கோட்டிலிருந்து அளக்கிறார்கள். தொழிற்சாலையிலிருந்து வரும் பெரிய ஹார்லிகளில் இது சுமார் 30 பாகை. சாப்பர்களில் 38-இலிருந்து 45 வரையும், சிலவற்றில் அதற்கு மேலும் போகும். புதிதாகச் செய்பவர்கள் அடிக்கடி செய்யும் தவறு, சாய்வை மாற்றாமல் ஃபோர்க்கை மட்டும் நீட்டுவது. அப்படிச் செய்தால் முன்பக்கம் தூக்கிக்கொண்டு, எஞ்சின் பின்னால் சாய்ந்து, வண்டி எதிலோ ஏற முயல்வதைப் போல நிற்கும். என் முதல் சாப்பர் அப்படித்தான் நின்றது. ஃபிரேமின் கீழ்க்குழாய்கள் தரைக்கு இணையாக இருக்கவேண்டுமானால் சாய்வும் நீளமும் சேர்ந்தே மாறவேண்டும்.

இதற்குக் கணக்கு எளிது. கழுத்தின் உயரம் மாறாமல் இருக்க, ஃபோர்க்கின் நீளத்தைச் சாய்வுக் கோணத்தின் கொசைனால் பெருக்கினால் வரும் எண் எப்போதும் ஒன்றாகவே இருக்கவேண்டும். எடுத்துக்காட்டாக, சக்கர அச்சிலிருந்து கழுத்தின் அடிவரை 30 பாகையில் 60 மி.மீ. இருக்கும் ஒரு மாடலில், சாய்வை 40 பாகையாக்கினால் ஃபோர்க் ஏறத்தாழ 68 மி.மீ. ஆகவேண்டும், 45 பாகையாக்கினால் 73.5 மி.மீ. ஆகவேண்டும். இதற்கு மேல் நீட்டும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் மூக்கைத் தூக்கும். சற்றே தூக்கிய மூக்குதான் பிடிக்கிறது என்றால் அதிலும் தவறில்லை; ஆனால் அது தெரிந்தே எடுத்த முடிவாக இருக்கட்டும். அசல் வண்டியில் 10 அங்குலம் நீட்டிய ஃபோர்க் என்பது 1/12 அளவில் சுமார் 21 மி.மீ., 1/8 அளவில் சுமார் 32 மி.மீ. கூடுதல் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டால், படங்களைப் பார்த்து அளவெடுப்பது சுலபமாகும்.

அறுக்கும் முன் ஃபிரேமின் இரு பாதிகளையும் ஒட்டி ஒரு நாள் காயவிட்டு, சக்கரங்கள், எஞ்சின், டேங்க் ஆகியவற்றை மாஸ்கிங் டேப்பால் தற்காலிகமாகப் பொருத்தி, பக்கவாட்டிலிருந்து ஒரு படம் எடுத்துத் தாளில் அச்சிட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தாளின்மேல் கோணமானியை வைத்துப் புதிய ஃபோர்க் கோட்டைப் பென்சிலால் வரைந்து பார்த்தால், டேங்குக்கும் கழுத்துக்கும் இடையே எவ்வளவு இடைவெளி விழும், முன்சக்கரம் எவ்வளவு தள்ளிப் போகும் என்பவை அறுப்பதற்கு முன்பே தெரிந்துவிடும். கண்ணுக்குப் பிடிக்கும்வரை ஐந்தாறு தாள்களை வீணாக்கலாம்; ஃபிரேம் ஒன்றுதான் இருக்கிறது.

கழுத்தை அறுத்துச் சாய்த்தல்

சாய்வு கூடும்போது கழுத்தின் அடிப்பகுதி முன்னே நகர்கிறது, மேல்பகுதி ஏறக்குறைய இருந்த இடத்திலேயே நிற்கிறது. ஆகவே மெல்லிய பற்களுள்ள ரம்பத்தால், கழுத்துக்கு ஒட்டினாற்போல் பின்னே, மேல்குழாயை அடியிலிருந்து மேல்நோக்கி அறுத்து, உச்சியில் தாள் தடிமனுக்குப் பிளாஸ்டிக்கை விட்டுவிட வேண்டும். அது கீலைப் போல வேலை செய்யும். கழுத்திலிருந்து எஞ்சினுக்கு முன்னே கீழிறங்கும் முன்னிறங்கு குழாயைக் கழுத்துக்குச் சற்றுக் கீழே முழுவதுமாக அறுத்துவிடலாம். கழுத்து 8 மி.மீ. உயரமென்றால், 10 பாகை சாய்ப்பதற்கு அதன் அடி ஏறத்தாழ 1.4 மி.மீ. முன்னே வந்தால் போதும். இவ்வளவு சிறிய அசைவு வண்டியின் உருவத்தையே மாற்றிவிடுவது ஒவ்வொரு முறையும் எனக்கு வியப்பளிக்கிறது.

தட்டையான கண்ணாடித் துண்டின்மேல், வரைந்த தாளைப் பரப்பி, ஃபிரேமைப் பிசைமண்ணால் அதன்மேல் நிலைநிறுத்துங்கள். கழுத்துக்குள் நீளமான நேர்க்கம்பி ஒன்றைச் செருகி, அந்தக் கம்பி தாளிலுள்ள பென்சில் கோட்டோடு பொருந்தும்வரை மெதுவாக வளைத்து, மேல்குழாயில் விழுந்த ஆப்பு வடிவ இடைவெளியில் பிளாஸ்டிக் தகடு ஒன்றைச் செதுக்கிச் செருகி ஒட்டுங்கள். பிறகு ஃபிரேமை நிமிர்த்தி, முன்னாலிருந்து பார்த்துக் கம்பி பின்சக்கரத்தின் நடுக்கோட்டிலேயே இருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். பக்கவாட்டுப் பிழையைப் பின்னால் எதுவும் மறைக்காது. முன்னிறங்கு குழாயின் இடைவெளியை, இருபுறமும் துளையிட்டுப் பித்தளைக் கம்பி செருகி, அதன்மேல் பிளாஸ்டிக் குழாய்த் துண்டை ஏற்றி நிரப்புங்கள். பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக்கை இணைக்கக் கரைப்பான் வகை மாடல் சிமென்ட்டையும், உலோகம் தொடும் இடங்களில் எபாக்ஸியையும் பயன்படுத்த வேண்டும். மாடல் சிமென்ட் உலோகத்தில் பிடிக்காது. மறுநாள் புட்டி பூசி, 400, 600 எண் உப்புத்தாள்களால் தேய்த்தால் வெட்டு மறைந்துவிடும்.

ஃபோர்க்கைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது: நீட்டிய ஃபோர்க்கை ஒருபோதும் வெறும் பிளாஸ்டிக்கில் செய்யாதீர்கள். ஒரு முறை 1/8 மாடலில், கிட்டின் ஃபோர்க்கை நடுவில் அறுத்துப் பிளாஸ்டிக் தண்டு செருகி நீட்டினேன். முடித்த நாளில் நேராக இருந்தது. சில வாரங்கள் அலமாரியில் நின்றபின் பார்த்தால், இரண்டு கால்களும் வில்லைப் போல வளைந்து, முன்சக்கரம் இடப்பக்கம் திரும்பியிருந்தது. அசல் வண்டியின் ஃபோர்க் குழாய் 41 மி.மீ. விட்டம் என்று வைத்துக்கொண்டால், 1/12-இல் 3.4 மி.மீ., 1/8-இல் 5.1 மி.மீ. வருகிறது, அதற்கு நெருங்கிய ஸ்டெயின்லெஸ் குழாயை வாங்கி, மெட்டல் பாலிஷ் போட்டுத் துடைத்தால் பெயிண்டே தேவைப்படாது. அதை அறுக்கச் சிறு சுழல் இயந்திரத்தின் வெட்டுத்தட்டு வேண்டும். கண்ணாடி அணியாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. பித்தளை அறுக்க எளிது, ஆனால் மேலே குரோம் நிறம் கொடுக்கவேண்டி வரும்.

பின்தொடரும் மாற்றங்கள்

ஒரு பாகத்தை மாற்றினால் அதோடு தொடர்புள்ளவை எல்லாம் மாறவேண்டும். கைகளை மேலே தூக்கிப் பிடிக்கும் ஏப் ஹேங்கர் ஹேண்டில்பாரைப் போட்டால், ஆக்ஸிலரேட்டர் கேபிளும் கிளட்ச் கேபிளும் அதற்கேற்ப நீளவேண்டும். முன் பிரேக் இல்லாத மெல்லிய 21 அங்குலச் சக்கரத்தைப் போட்டால், ஹேண்டில்பாரில் பிரேக் லீவரை விட்டுவைக்கக் கூடாது. காலால் இயக்கும் கிளட்ச்சும் கையால் மாற்றும் கியரும் வைத்தால் கிளட்ச் லீவரும் போய்விடும். பின்னிருக்கையின் முதுகில் உயர்ந்து நிற்கும் சிஸி பார், அசல் வண்டியில் மட்கார்டோடும் பின்சக்கர அச்சோடும் பிணைக்கப்படுவதால், மாடலிலும் அது மட்கார்டின்மேல் அந்தரத்தில் ஒட்டிக்கொண்டிருக்காமல் அச்சுவரை இறங்கவேண்டும். சிஸி பாரையும் ஹேண்டில்பாரையும் பித்தளைக் கம்பியில் வளைப்பது சிறந்தது. மங்கிய செந்நிறம் வரும்வரை சூடாக்கி நீரில் தோய்த்த பித்தளை, முறியாமல் வளையும்.

எக்ஸாஸ்ட் குழாய்களுக்கு ஈயமில்லாத தடித்த சாலிடர் கம்பி போதும். அசலில் 1¾ அங்குலக் குழாய், 1/12-இல் 3.7 மி.மீ. வரும். நீலம் பாய்ந்த குழாய் வேண்டுமென்றால், எஞ்சினுக்கு மிக அருகில் நீலம், அடுத்து ஊதா, கடைசியில் வைக்கோல் மஞ்சள் என்ற வரிசையில், கண்ணாடி போன்ற ஒளிபுகும் பெயிண்டை மிக மெலிதாக ஊதவேண்டும். வெப்பம் அதிகமுள்ள இடத்தில்தான் நீலம் வரும் என்பதால், இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் பொய்யாகத் தெரியும்.

கிட்டுகளில் வரும் குரோம் பாகங்களின்மேல் பசை பிடிக்காது. ஒட்டும் இடத்தில் சுரண்டியே ஆகவேண்டும். வார்ப்பச்சின் இணைப்புக் கோடுகள் துருத்திக்கொண்டிருந்தால் முழுக் குரோமையும் நீக்கிவிடுவதே நேர்மையான வழி. துணி வெளுக்கும் ப்ளீச்சில் ஊறவைத்தால் அது கரைந்துவிடும். காற்றோட்டமான இடத்தில், கையுறையோடு, வேறு எந்தத் துப்புரவுத் திரவமும் கலக்காமல் செய்யவேண்டும். மறுபடி குரோமாக்க, பளபளப்பான கறுப்பை முதலில் அடித்து, முழுமையாகக் காயவிட்டு, அதன்மேல் குரோம் பெயிண்டை ஏர்பிரஷ்ஷில் குறைந்த அழுத்தத்தில் மெல்லிய பூச்சுகளாக ஊதுங்கள். கறுப்பில் இருக்கும் ஒவ்வொரு தூசும் குரோமில் இரட்டிப்பாகத் தெரியும். எல்லாவற்றையும் குரோமாக்க வேண்டியதில்லை: எஞ்சின் உறைகள் பாலிஷ் செய்த அலுமினியம் போலவும், சிலிண்டர்கள் மங்கிய கறுப்பாகவும் இருந்தால்தான் குரோமுக்கே மதிப்பு வரும்.

டேங்க்

இப்போது நிறத்துக்கு வரலாம். சாப்பருக்கே உரிய கேண்டி பெயிண்ட், வெள்ளி அல்லது பொன்நிற அடிப்பூச்சின்மேல் ஒளிபுகும் நிறத்தை ஊதுவதால் உண்டாகிறது. ஒளி நிறத்தின் வழியே உள்ளே போய், அடியிலுள்ள உலோக நிறத்தில் பட்டுத் திரும்புவதால்தான் அந்த ஆழம். ஒவ்வொரு பூச்சும் நிறத்தை அடர்த்தியாக்கும் என்பதே இதன் அழகும் ஆபத்தும். டேங்கை ஒரு நாளும் மட்கார்டை மறுநாளும் ஊதி, இரண்டு வேறு சிவப்புகளோடு நின்றிருக்கிறேன். அதன்பின் டேங்க், மட்கார்டு, ஃபிரேம் ஆகிய மூன்றையும் குச்சிகளில் குத்தி அருகருகே நிறுத்தி, கூடவே நிறம் பார்க்க ஒரு பிளாஸ்டிக் கரண்டியையும் வைத்து, ஒவ்வொரு பூச்சையும் நான்குக்கும் ஒரே சுற்றில் கொடுத்து, எண்ணிக்கையைத் தாளில் கோடு போட்டுக் குறிக்கிறேன். மூன்றாவது பூச்சில் வெளிறிய செர்ரிப்பழம் போலிருப்பது ஐந்தாவதில் ஒயின் நிறமாகும். நான் பெரும்பாலும் நான்கில் நிறுத்திவிடுகிறேன். டேங்கின் அடிவிளிம்புகளில் பெயிண்ட் தேங்கிக் கறுத்துவிடாமல், விளிம்புகளை முதலில் ஊதிவிட்டுப் பின்னர் பரப்பை நிரப்புங்கள்.

மினுக்கும் ஃப்ளேக் வேண்டுமென்றால் அளவைக் கவனியுங்கள். 0.2 மி.மீ. துகள் 1/12 மாடலில் 2.4 மி.மீ. சில்லாகத் தெரியும்; ஆகவே கிடைப்பதிலேயே நுண்ணிய மைக்கா தூளைக் கிளியர் லாக்கரில் கலந்து ஊதவேண்டும். டீகால்களையும் (நீரில் நனைத்து ஒட்டும் படத்தாள்கள்) மெல்லிய டேப்பால் இட்ட கோடுகளையும் முடித்தபின் கிளியர் பூச்சுகளால் மூடி, ஒரு வாரம் காயவிட்டு, 2000 எண் தாளால் நீர் விட்டுத் தேய்த்துப் பாலிஷ் செய்தால், டீகாலின் விளிம்பு விரலுக்குத் தட்டுப்படாது. லாக்கர் ஊதும்போது சாதாரணத் துணி முகமூடி பயன்படாது. கரைப்பான் ஆவியைத் தடுக்கும் வடிகட்டியுள்ள முகமூடி கட்டாயம் வேண்டும்.

ஸ்பார்க் ப்ளக் ஒயர் அசலில் 7 முதல் 8 மி.மீ.; 1/8-இல் 1 மி.மீ., 1/12-இல் 0.6 மி.மீ. தடிமனுள்ள ஒயரைத் தேர்ந்தெடுங்கள். கேபிள்கள் அதைவிட மெலிந்திருக்க வேண்டும்.

கிட்டின் மிருதுவான டயர்களில் உள்ள எண்ணெய்ப்பொருள் நாளடைவில் கசிந்து, தொடும் பிளாஸ்டிக்கையும் பெயிண்டையும் கரைக்கக்கூடும். ஆகவே ரிம்மின் உட்புறத்தில் மெல்லிய உலோகத்தாளை ஒட்டிவிட்டு டயரை ஏற்றுங்கள். டயரின் ஓடுபரப்பை 220 எண் தாளால் லேசாகத் தேய்த்தால் பொம்மைப் பளபளப்பு போய்விடும். பக்க ஸ்டாண்டை எல்லாம் முடிந்தபின் பொருத்துவதே சரி. எடையும் உயரமும் அப்போதுதான் இறுதியாகின்றன. கண்ணாடித் துண்டின்மேல் வண்டியை இடப்பக்கம் சாய்த்து நிறுத்தி, ஸ்டாண்டின் அடியை அரை மில்லிமீட்டர் வீதம் அராவி, இரண்டு டயர்களும் ஸ்டாண்டும் கண்ணாடியை ஒருசேரத் தொடும் இடத்தில் அரத்தைக் கீழே வைத்துவிடுங்கள்.