திருகோணமலைக் கடலுக்கு உடுப்பு எடுக்கும்போது

ஹட்டன் குளிரில் வளர்ந்த எனக்கு 28 பாகைக் கடல் வெந்நீராகத்தான் பட்டது. முதல் தடவை டீசேர்ட்டோடு இறங்கினேன். அரை மணியில் பல் கிடுகிடுத்தது. தண்ணீர் காற்றைவிட 20 மடங்குக்கு மேல் வேகமாக உடற்சூட்டை இழுக்கும். புறாத்தீவுப் பக்கம் 3 மில்லிமீற்றர் தடிப்பு நியோப்பிரீன் (நுரை ரப்பர்) உடுப்பு, அதாவது உடலோடு ஒட்டி நிற்கும் வெட்சூட், போதும்.

அளவுதான் முக்கியம். கொழுந்தெடுக்கப் போகையில் அம்மா இடுப்பில் படங்கு கட்டுவார்: இறுக்கம்தான், ஆனாலும் தாராளமாகக் குனியலாம். அப்படி இருக்கவேண்டும். போட்டுக்கொண்டு குந்திப் பாருங்கள், கைகளை உயர்த்துங்கள், நெஞ்சு நிறைய மூச்சை இழுங்கள். முதுகுப் பள்ளத்தில் உடுப்பு ஒட்டாமல் தூக்கி நின்றால் அதுவழியே தண்ணீர் புகுந்து ஓடும், வேண்டாம். கழுத்தை நெரித்தால் எவ்வளவு மலிவானாலும் எடுக்காதீர்கள். கால் நுழையாவிட்டால் பாதத்தில் ஷொப்பிங் பையை மாட்டுங்கள், வழுக்கிக்கொண்டு போகும்.