அடிக்கோடு மட்டும் போதாது: அந்தக்கால வாசகர்களைப் பார்த்துக் குறிப்பெடுப்பது எப்படி

புத்தகத்தின் கடைசி வெற்றுத்தாளிலிருந்து தொடங்குங்கள். முதல் பக்கத்தில் பெயரெழுதி வைப்பது எல்லோரும் செய்வதுதான். அது புத்தகம் யாருடையது என்று மட்டும் சொல்லும். படித்தவருக்கு என்ன தோன்றியது என்பதற்கு இடம் பின்பக்கம்தான்.

16ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு எழுத்தாளர் மொந்தேன் இதைச் செய்தவர். தன் ஞாபகசக்தி படுமோசம் என்று அவரே எழுதியிருக்கிறார். சில வருடங்களுக்கு முன் கவனமாகப் படித்து, ஓரமெல்லாம் கிறுக்கியும் வைத்திருந்த புத்தகத்தை ஏதோ புதுப் புத்தகம் என்று நினைத்துக் கையில் எடுப்பாராம். அதனால் படித்து முடித்த தேதியையும், மொத்தத்தில் தனக்கு ஏற்பட்ட அபிப்பிராயத்தையும் புத்தகத்தின் முடிவில் எழுதிவைக்க ஆரம்பித்தார்.

நான் எழுதுவது நான்கைந்து வரி, அதுவும் முடித்த அன்றே. "அருமை", "சுமார்" என்றெல்லாம் எழுதினால் பிரயோஜனமில்லை; அடுத்த வருடம் அது யாரோ எழுதியது மாதிரி இருக்கும். எந்த இடத்தில் பிடித்தது, எந்த இடத்தில் விட்டுப்போனது என்று எழுதுங்கள். ஒரு நாவலின் பின்னால் என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: "அம்மா சாகும் அத்தியாயத்துக்கு அப்புறம் ஆசிரியருக்கே ஆர்வம் போய்விட்டது. மாமா பேசும் இடங்களில் மட்டும் உயிர் இருக்கிறது." கதைச்சுருக்கம் எழுதவே எழுதாதீர்கள். கதை புத்தகத்துக்குள்ளேயே இருக்கிறது.

இரண்டாவது முறை படித்தால் பழைய குறிப்பை அழிக்காமல், அதன் கீழே புதுத் தேதி போட்டு எழுதுங்கள். லண்டன்காரர் சாமுவேல் பீப்ஸ் 1662 டிசம்பரில், எல்லோரும் புகழ்ந்த ஒரு நையாண்டிக் காவியத்தை வாங்கினார். பிடிக்காமல் அன்றைக்கே நஷ்டத்துக்கு விற்றார். எல்லோரும் ரசிக்கும்போது தனக்கு மட்டும் ஏன் பிடிக்கவில்லை என்று உறுத்தியதோ என்னவோ, 1663 பிப்ரவரியில் இன்னொரு பிரதி வாங்கினார். இரண்டும் அவர் நாட்குறிப்பில் தேதியோடு இருக்கின்றன. முதலாவதை மறைத்திருந்தால் இரண்டாவதில் ஒரு சுவையும் இருந்திருக்காது.

சரி, அடுத்தது ஓரம். அடிக்கோடு இழுப்பதில் ஒரு சிக்கல்: "ஆமாம், ஆமாம்" என்பதற்கும் "என்ன உளறல் இது" என்பதற்கும் ஒரே கோடுதான். பழைய ஆட்களுக்கு இது தெரிந்திருந்தது. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் கிரேக்கக் கவி ஹோமரின் காவியங்களைப் பதிப்பித்த அறிஞர் அரிஸ்தார்கஸ், ஹோமர் எழுதியதல்ல என்று சந்தேகப்பட்ட வரிகளை வெட்டியெறியவில்லை. பக்கத்தில் ஒரு சிறு கிடைக்கோடு போட்டார். ஐரோப்பிய இடைக்காலக் கையெழுத்துப் பிரதிகளின் ஓரங்களில் விரல் நீட்டிச் சுட்டும் கைகளை நிறையப் பார்க்கலாம். 13ஆம் நூற்றாண்டு ஆயர் ராபர்ட் குரோசெடெஸ்ட் பொருள்வாரியாகச் சுமார் 400 குறியீடுகள் வைத்திருந்தார். அது நமக்குத் தாங்காது. எனக்கு நான்கு: புரியாததற்குக் கேள்விக்குறி, நம்பாததற்குக் கிடைக்கோடு, திரும்ப வரவேண்டிய இடத்துக்கு நட்சத்திரம், வேறு புத்தகத்தோடு ஒப்பிட வேண்டியதற்கு "ஒ". குறியோடு இரண்டு சொல்லாவது சேர்த்து எழுதுங்கள். வெறும் நட்சத்திரம் சில மாதங்களில் ஊமையாகிவிடும்.

ஆசிரியரோடு சண்டை போடலாமா? தாராளமாக. ஓவியர் ரெனால்ட்ஸின் உரைத் தொகுப்பைப் படித்த ஆங்கிலக் கவி வில்லியம் பிளேக், முகப்புப் பக்கத்திலேயே "கலையை அமுக்கக் கூலிக்கு அமர்த்தப்பட்ட ஆள் இவர்" என்று எழுதித்தான் உள்ளே போனார். நம் உரையாசிரியர்கள் இதையே கொஞ்சம் மரியாதையாகச் செய்தார்கள். தங்களுக்கு முன் வேறு விதமாகப் பொருள் கொண்டவர்களை "என்று உரைப்பாரும் உளர்" என்று சொல்லிவிட்டு, அது ஏன் பொருந்தாது என்று காரணம் காட்டுவார்கள். எனக்கு இந்த இரண்டாவது வழிதான் பிடிக்கும், ஏனென்றால் காரணம் எழுதியே தீரவேண்டியிருக்கிறது. பிளேக்கின் பாணி கோபத்தை ஆற்றும், அவ்வளவுதான்.

இடம் போதாவிட்டால் எண் போட்டுவிட்டுப் பின்பக்கத்துக்குப் போய் மீதியை எழுதுங்கள். பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா 1637 வாக்கில் பழைய கிரேக்கரான டயோஃபாண்டஸின் கணித நூலில், ஒரு தேற்றத்துக்குத் தன்னிடம் அற்புதமான நிரூபணம் இருப்பதாகவும் அதற்கு இந்த ஓரம் போதவில்லை என்றும் எழுதிவிட்டு விட்டுவிட்டார். அந்தப் பிரதியும் தொலைந்துபோனது; அவர் மகன் 1670இல் குறிப்புகளோடு நூலை அச்சிட்டதால்தான் விஷயமே தெரியும். அந்தத் தேற்றத்துக்குக் கணித அறிஞர் ஆண்ட்ரூ வைல்ஸ் கண்ட நிரூபணம் அச்சானது 1995இல்.

பென்சிலில் எழுதுங்கள், 2பி போதும். தாளின் விளிம்பை ஒட்டி எழுத வேண்டாம். பழைய புத்தகங்களை மறுபடி பைண்டிங் செய்தவர்கள் விளிம்பை நறுக்கியதில் பாதி வாக்கியமாக நிற்கும் குறிப்புகள் ஏராளம்.

நூலகப் புத்தகமோ இரவல் புத்தகமோ என்றால் இதில் எதையும் செய்யக் கூடாது. நியூட்டன் பக்கத்தின் மூலையை மடித்து, அதன் முனை தனக்கு வேண்டிய சொல்லையே தொடும்படி வைப்பார். அதெல்லாம் சொந்தப் புத்தகத்தில். பிரெஞ்சு எழுத்தாளர் வோல்டேர் ஓரத்தில் எழுதியதோடு தாள் துண்டுகளையும் செருகியும் ஒட்டியும் வைத்தார். அவர் 1778இல் இறந்ததும் ரஷ்யப் பேரரசி கேத்தரின் அந்த நூலகத்தை வாங்கினார். அது இன்றும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருக்கிறது. இரவல் புத்தகத்துக்குத் துண்டுத் தாளில் பக்க எண், இரண்டு சொல். திருப்பிக் கொடுக்கும் முன் நோட்டில் ஏற்றிவிடுங்கள். மின்னூலுக்கும் அதே நோட்டுதான்.

சார்ல்ஸ் டார்வின் சொந்தப் புத்தகத்தின் பின்பக்கத்தில் தன் வேலைக்கு உதவும் விஷயங்களுக்குப் பக்க எண்ணோடு ஒரு பட்டியல் போடுவார். இரவல் என்றால் தனியாகச் சுருக்கம் எழுதிக்கொள்வார். புதிதாக ஒன்றை எழுத உட்காரும்போது அந்தச் சிறு பட்டியல்களைச் சேர்த்து, பொருள்வாரியாகப் பெரிய பட்டியல் தயாரிப்பார். கனமான புத்தகத்தைக் கையில் பிடிக்கச் சௌகரியமாக இரண்டாக வெட்டிவிடுவார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதைப் பின்பற்றச் சொல்லவில்லை.

நோட்டில் எழுதியதை மறுபடி கண்டுபிடிக்க ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக் 1686இல் வெளியிட்ட முறையை மிஞ்சியது எனக்குத் தெரிந்து இல்லை. தலைப்புகளுக்கு முன்கூட்டியே பக்கம் ஒதுக்காதீர்கள், எது நிறையும் எது காலியாகக் கிடக்கும் என்று யாருக்குத் தெரியும்? ஒரு தலைப்பு முதல்முறை வரும்போது அடுத்து வெறுமையாக இருக்கும் எதிரெதிர்ப் பக்கங்களை அதற்குக் கொடுத்து, அந்தப் பக்க எண்ணை நோட்டின் தொடக்கத்தில் உள்ள அட்டவணையில் குறியுங்கள். லாக்கின் அட்டவணையில் தலைப்பின் முதல் எழுத்து, அதையடுத்து வரும் முதல் உயிரெழுத்து என்று இரண்டைப் பார்க்க வேண்டும். தமிழில் உயிர்மெய் அந்த வேலையை ஒரே எழுத்தில் முடித்துவிடுகிறது. க, ச, ஞ, த, ந, ப, ம, ய, வ என்று கீழ்நோக்கி எழுதி, மேலே 12 உயிர்களையும் எழுதிக் கட்டம் போடுங்கள். உயிரில் தொடங்கும் சொற்களுக்கு ஒரு வரிசை, ர, ல, ட, ஜ போன்றவற்றில் தொடங்குபவைக்கு ஒரு வரிசை. "கோபம்" என்ற தலைப்பு "கோ" கட்டத்தில் போகும். பின்னால் "கோயில்" வந்தால் அதுவும் அதே பக்கங்களில் இருக்கட்டும், ஓரத்தில் தலைப்பை மட்டும் எழுதிவிடுங்கள். பக்கம் நிறைந்துவிட்டால் அடுத்த வெற்றுப் பக்கங்களுக்குப் போய், அந்த எண்ணையும் அதே கட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.