அமெரிக்க ஆய்வகத்தில் ஹிஸ்டோடெக்: பதவிப் பெயரும் சான்றும்

நோயாளியின் திசுவைப் பதப்படுத்தி, மெல்லிசாக வெட்டி, சாயமிட்டு நுண்ணோக்கிக்குத் தயார் செய்பவர் ஹிஸ்டோடெக். அவருடைய நியமனக் கடிதத்தில் லேப் அசிஸ்டென்ட், டிஷ்யூ டெக்னீஷியன், ஹிஸ்டோடெக் என்று மருத்துவமனை எதையும் எழுதலாம். வேலை மாறும்போது அந்தப் பெயர் உங்களோடு வராது. அமெரிக்க மருத்துவ நோயியல் சங்கமான ஏஎஸ்சிபியின் சான்று வாரியம் தரும் எச்டி அல்லது எச்டிஎல் சான்று இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

எச்டி என்பது ஹிஸ்டோடெக்னீஷியன். அனுபவ வழியில் வருபவருக்கு 60 செமஸ்டர் மணி (அமெரிக்கக் கல்லூரிகளின் பாட அளவு, கிரெடிட்) கல்லூரிப் படிப்பு வேண்டும். அதில் உயிரியலும் வேதியியலும் சேர்ந்து 12 மணி. ஹிஸ்டோடெக்னாலஜிஸ்டான எச்டிஎல்லுக்கு இளங்கலைப் பட்டமும் அதே பாடங்களில் 30 மணியும். இரண்டுக்கும் ஓராண்டு முழுநேர வேலை உண்டு. பட்டம் கையில் இருந்தால் நேரே எச்டிஎல்லுக்கு விண்ணப்பிக்கலாம். எச்டி முதல் படி என்று கட்டாயமில்லை.

தமிழ்நாட்டில் பி.எஸ்சி. எம்எல்டி (மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம்) படித்தவர்கள், ஏஎஸ்சிபி ஏற்கும் நிறுவனத்திடம் மதிப்பெண் பட்டியலைப் பாடவாரியாக மதிப்பீடு செய்து வாங்க வேண்டும். அப்போதுதான் வேதியியல் மணி குறைவது தெரியவரும். ஊரில் பார்த்த வேலையைக் காட்டுவதானால் ஆய்வகத்துக்கு, மருத்துவ ஆய்வகத் தரத்துக்கான ஐஎஸ்ஓ 15189 அங்கீகாரம் இருக்க வேண்டும். இந்தியாவின் ஆய்வக அங்கீகார வாரியமான என்ஏபிஎல் மருத்துவ ஆய்வகங்களுக்குத் தருவது அதுதான், சான்றின் நகலை வாங்கி வையுங்கள்.

பலர் சிக்குவது அனுபவப் படிவத்தில். ஃபிக்சேஷன் (திசு கெடாமல் நிலைப்படுத்துவது), பிராசசிங்-எம்பெடிங் (பதப்படுத்தி மெழுகு பிளாக்கில் பதிப்பது), மைக்ரோடோமி (பிளாக்கை மெல்லிசாக வெட்டுவது), ஸ்டெயினிங் (சாயமிடுவது) நான்கிலும் கை வைத்திருக்க வேண்டும். பெரிய ஆய்வகங்களில் ஆண்டு முழுவதும் எம்பெடிங் மேசையிலேயே உட்கார வைத்துவிடுவார்கள். ஆண்டு முடியுமுன் சுழற்சி கேளுங்கள். படிவத்தோடு, ஆய்வக லெட்டர்ஹெட்டில் தேதியிட்ட உறுதிக் கடிதமும் போக வேண்டும். கையெழுத்து உங்கள் நேரடி மேற்பார்வையாளருடையதோ ஆய்வக நிர்வாகத்தினுடையதோ ஆக இருக்கட்டும். மேற்பார்வையாளர் வேலையை விட்டுப் போனபின் தேடி அலைவது பெரும்பாடு.

தேர்வு 100 கேள்விகள், இரண்டரை மணி நேரம், மாற்றிக் கணக்கிடும் மதிப்பெண்ணில் (ஸ்கேல்டு ஸ்கோர்) 400 எடுத்தால் தேர்ச்சி. பிறகு மூன்றாண்டுக்கு ஒருமுறை 36 புள்ளி தொடர்கல்வி காட்ட வேண்டும்.

சான்று வேறு, உரிமம் வேறு. நியூயார்க், புளோரிடா போன்ற மாநிலங்களில் உரிமம் தனியாக வாங்க வேண்டும்.

கிராசிங்தான் (grossing, வந்த திசுவை முதலில் பார்த்து விவரிக்கும் வேலை) கவனிக்க வேண்டிய இடம். பிளாக் வெட்டுவதும் சாயமிடுவதும் மட்டும், அமெரிக்க மத்திய அரசின் ஆய்வகச் சட்டமான சிஎல்ஐஏ விதிகளில் பரிசோதனை ஆகாது. திசுவைக் கண்ணால் பார்த்து, அளந்து, விவரிப்பது உயர் சிக்கல் பரிசோதனை. அதற்கு ஆய்வக அறிவியலில் அசோசியேட் டிகிரியோ (இரண்டாண்டுக் கல்லூரிப் பட்டம்), 24 செமஸ்டர் மணி அறிவியலைக் கொண்ட இணையான படிப்போ, அதற்குரிய பயிற்சியோடு வேண்டும். பெயரையும் சம்பளத்தையும் மாற்றாமல் அந்த வேலையை உங்கள் தலையில் வைத்தால், பணி விவரத்தில் எழுத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். ஆய்வகத்தைச் சோதிக்க வருபவர்கள் தகுதிக் கோப்பைத்தான் கேட்பார்கள்.

பதவி உயர்வு கேட்கும் கடிதத்தில் அனுபவ ஆண்டுகளை அடுக்காதீர்கள். சாயமிடப் பயன்படும் புது ஆன்டிபாடி சரியாக வேலை செய்கிறதா என்று நீங்கள் செய்த வேலிடேஷன், எழுதிய செயல்முறைகள், சாயம் சரியா என்று காட்டும் கண்ட்ரோல் ஸ்லைடு தவறியபோது கண்டுபிடித்த காரணம், பயிற்றுவித்த ஆட்கள் ஆகியவற்றைத் தேதியோடு எழுதுங்கள். டெக்னீஷியனுக்கும் டெக்னாலஜிஸ்டுக்கும் நிர்வாகம் காணும் வேறுபாடு இவற்றில்தான் இருக்கிறது.